கம்போடியக் கிராமத்துக்குத் தொண்டூழியப் பயணம்: பிள்ளையை அனுப்புவதா, வேண்டாமா?

ஜூரோங்வாசி எழுதியது:

வணக்கம். மகள் தொடக்கக் கல்லூரியில் முதலாமாண்டு. டிசம்பர் விடுமுறையில் அவள் கல்லூரியிலிருந்து ஒரு குழு கம்போடியாவுக்குப் போகிறது. கம்போங் சினாங் மாகாணத்தில் ஒரு கிராமம். நிகழ்ச்சி நிரல் கையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குச் சாயம் பூசுவது, கழிவறை கட்ட உதவுவது, மூன்று நாள் ஆங்கில வகுப்பு, ஒரு மதியம் ஆதரவற்ற குழந்தைகள் இல்லம். கடைசியில் சியம் ரீப் போய் அங்கோர் வாட்.

விமானச் செலவு, தங்கும் செலவு நாங்கள் கொடுக்கிறோம். கட்டுமானச் செலவுக்குப் பிள்ளைகள் பலகாரம் விற்றுக் காசு சேர்க்கிறார்கள். மகளுக்கு ஒரே ஆர்வம். என் வீட்டுக்காரர்தான் முகத்தைச் சுளிக்கிறார். “செங்கல் தூக்கத் தெரியாத பிள்ளைங்களை விமானத்துல ஏத்தி அனுப்புறதுக்குப் பதிலா அந்தக் காசை அப்படியே அனுப்பினா அந்த ஊர்க் கொத்தனார் மாசக்கணக்கா வேலை செய்வாரே” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இப்படிப் போய் வந்தவர்கள், அந்த மாதிரி ஊர்களில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டம் வருகிறது. கல்லூரியில் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்துகொள்கிறேன்.

---

செங்காங் தம்பி எழுதியது:

அக்கா, அனுப்புங்க. நான் கோவிட்டுக்கு முந்தி கம்போடியாவுக்கே போனேன், பட்டம்பாங் பக்கம். வீட்டுக்கு ஒரு மழைநீர் ஜாடியை வெச்சுக்கிட்டு வெயில் காலத்தை ஓட்டுற குடும்பத்தோட இருந்துட்டு வந்தா, இங்க குளிக்கிற நேரமே குறையும். அந்தப் பயணம் இல்லைன்னா நான் சமூக சேவைப் படிப்பு எடுத்திருக்க மாட்டேன்.

ஆனா கிராமத்துக்கு என்ன கிடைச்சதுன்னு கேட்டா பதில் சொல்ல யோசிப்பேன். ஆங்கில வகுப்புக்கு உட்கார்ந்து உட்கார்ந்து பாடம் தயாரிச்சோம். பேர் சொல்றது, நிறங்கள், உடல் உறுப்புப் பாட்டு. முதல் வகுப்புல நாங்க வாயைத் திறக்கிறதுக்கு முந்தியே பிள்ளைங்க அந்தப் பாட்டைக் கையசைவோட பாடி முடிச்சிட்டாங்க! வர்ற குழு எல்லாம் முதல் பாடத்துல ஆரம்பிக்குது. ரெண்டாம் பாடத்தை யாரும் எடுத்ததே இல்லை. அந்த ஊர் வாத்தியார் வகுப்பை எங்ககிட்ட விட்டுட்டு வெளியே மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கிட்டிருந்தார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவர் பாடவேளையை நாங்கதானே எடுத்துக்கிட்டோம்.

---

நைல் கரை எழுதியது:

நான் இருப்பது உகாண்டாவில், ஜிஞ்ஜாவுக்கு வடக்கே. நாடு வேறு என்றாலும் உங்கள் கேள்விக்குப் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஆலைக்குப் பக்கத்து கிராமத்துக்கும் ஐரோப்பாவில் ஒரு சிற்றூருக்கும் சகோதர ஊர் என்று ஓர் ஏற்பாடு. வருஷத்துக்கு ஒரு முறை அங்கிருந்து ஒரு குழு வரும். ஓய்வு பெற்ற தச்சர், செவிலியர், பள்ளி ஆசிரியை என்று நல்ல மனிதர்கள்தான். அவர்கள் காசில் ஆழ்துளை போட்டு அடிபம்பு வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு ஆடு அடித்து விருந்து.

கொஞ்ச காலத்தில், காலையில் முதல் அடிக்குத் தண்ணீர் செங்கல் நிறத்தில் வர ஆரம்பித்தது. அதில் தேயிலை போட்டால் தேநீர் கருநீலமாகிவிடும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை பழுப்பேறியது. பெண்கள் பம்பைத் தாண்டி நடந்து பழையபடி ஊற்றுக்கே போனார்கள். அடுத்த முறை வந்த குழு இதைப் பார்த்துவிட்டு, மக்களுக்குச் சுகாதாரம் புரியவில்லை என்று முடிவு கட்டிக் கைகழுவும் வகுப்பு நடத்தியது. அதற்கடுத்த முறை இன்னொரு ஆழ்துளை போட்டார்கள். உள்ளே இறக்கியது அதே குழாய்!

விஷயம் வேறொன்றும் இல்லை, துரு. இந்தப் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் அமிலத்தன்மை உள்ளது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அதில் இறக்கினால் பூச்சு கரைந்து குழாயே அரித்துப்போகும். பிளாஸ்டிக் குழாயோ துருப்பிடிக்காத எஃகோதான் போட வேண்டும். அந்த வட்டாரத்துப் பம்பு மெக்கானிக்குக்கு இது நன்றாகத் தெரியும். முதல் நாளே சொல்லியும் இருக்கிறார், லுசோகா மொழியில். கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் விருந்து நேரத்தில் எதற்கு என்று அதை விழுங்கிவிட்டார்.

இது ஏதோ ஓர் ஊர்க் கதை இல்லை. 2009-இல் ஆப்பிரிக்க நாடுகள் இருபதின் கணக்கைத் திரட்டியபோது அடிபம்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஓடாமல் கிடந்தன. அரசாங்கம் வைத்ததும் அதில் உண்டு, வெளியார் வைத்ததும் உண்டு.

இப்போது எங்கள் ஊர்ப் பம்பு ஓடுகிறது. ஐரோப்பிய ஊர்க்காரர்கள் புதிதாக எதுவும் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். மெக்கானிக்கின் வருஷக் கூலியில் பாதி அவர்களுடையது, மீதிப் பாதி கிராமத்துடையது. பணப்பெட்டி காய்கறி விற்கும் ஓர் அம்மாவிடம். யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று பள்ளி நோட்டில் எழுதி வைத்து, எல்.சி.ஒன் என்னும் கிராம மன்றக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிக்கிறார். வெள்ளைக்காரக் குழு இன்றைக்கும் வருகிறது. வந்து அந்த நோட்டைப் பார்க்கிறது, சாப்பிடுகிறது, போகிறது. போட்டோ எடுக்க ஒன்றும் இல்லை என்று அவர்களுக்குள் ஒரு குறை.

---

கோவைக் குழாய்க்காரர் எழுதியது:

நைல் கரை தம்பி, அந்தப் பம்பு எங்க ஊர் வழியாப் போனதுங்க. உகாண்டாவுல யூ-2, யூ-3னு பேர் வெச்சிருக்காங்களே, அது இந்தியா மார்க் 2, மார்க் 3 தானுங்க. நான் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துல இருந்து ஓய்வு பெற்றவன்.

1967 பீகார் வறட்சிக்குப் பின்னால பாறை துளைக்கிற எந்திரம் நாட்டுக்குள்ள வந்துச்சு. துளை போட்டாங்க, மேல வெச்ச பம்பு நிக்கலை. வெளிநாட்டுல ஒரு குடும்பம் அடிக்கிறதுக்குன்னு செஞ்ச வார்ப்பிரும்புப் பம்பை ஊரே வரிசையில நின்னு அடிச்சா என்ன ஆகும்? உடைஞ்சுதுங்க. மகாராஷ்டிராவுல மிஷனரிகள் நடத்தின பட்டறைங்கள்லதான் முதல்ல வேற மாதிரி யோசிச்சாங்க. ஜால்னா, சோலாப்பூர் பக்கம். சோலாப்பூர்ல கைப்பிடிக்குச் சங்கிலியும் ஒரே அச்சும் வெச்சாங்க. அதை யுனிசெஃபும் சென்னையில ரிச்சர்ட்சன் அண்ட் க்ருடாஸ் கம்பெனியும் எடுத்து மாத்தி, எழுபதுகளின் நடுவுல கோவைப் பக்கம் கிராமங்கள்ல இறக்கி ஓட்டிப் பார்த்தாங்க. அதுதான் மார்க் 2. யாரும் காப்புரிமை வாங்கி வெச்சுக்கலை, யார் வேணாலும் செய்யலாம்னு விட்டுட்டாங்க. ஆப்பிரிக்கா வரைக்கும் போனதுக்கு அதுவும் ஒரு காரணமுங்க.

வெளிநாட்டு ஆளுங்களும் உள்ளூர் ஆளுங்களும் சேர்ந்து செஞ்ச வேலைதான் இதுவும். வித்தியாசம் என்னன்னா, வருஷக்கணக்கா அதே பம்பை எண்ணிக்கிட்டிருந்தாங்க. எது உடையுது, எத்தனை நாள்ல உடையுதுன்னு குறிப்பு. மார்க் 2ல கீழே இருக்கிற வாஷர் தேஞ்சா மொத்தக் குழாயையும் மேல தூக்கணும். குழாய் தூக்குற முக்காலி, ஆளுங்க, வண்டி எல்லாம் வேணும். அதனால எண்பதுகள்ல மறுபடியும் கோவையிலேயே சோதனை பண்ணி, குழாயைப் பெருசாக்கி, உள்ளே இருக்கிற பிஸ்டனை மட்டும் மேலே உருவுற மாதிரி மார்க் 3 கொண்டு வந்தாங்க. தோல் வாஷருக்குப் பதிலா நைட்ரைல் ரப்பர் வந்ததும் அப்பத்தான். சின்ன மாத்தம்தான், ஆனா பழுது பார்க்கிற இடைவெளி எங்கியோ போயிருச்சு.

பம்பை விட எனக்குப் பெருமை பராமரிப்பு ஏற்பாடுதானுங்க. ஊர்ல ஒரு காப்பாளர், ஒன்றியத்துல ஒரு மெக்கானிக், மாவட்டத்துல வண்டியோட ஒரு குழு. ஊர்க் காப்பாளர் கையில தபால் அட்டை இருக்கும். பம்பு நின்னா எழுதிப் போட வேண்டியதுதான். போனே இல்லாத காலமுங்க.

இதுக்கு நேர் எதிர்க் கதை ஒண்ணு. தென்னாப்பிரிக்காவுல ராட்டினப் பம்புன்னு ஒண்ணு செஞ்சாங்க. பிள்ளைங்க சுத்தி விளையாடினா தண்ணி மேலே ஏறும். கேட்கவே நல்லா இருக்கில்லீங்க? 2006-ல அமெரிக்காவுல 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவிச்சாங்க. 2010க்குள்ள நாலாயிரம் பம்புன்னு இலக்கு. சாதாரண அடிபம்பைப் போல நாலு மடங்கு விலை. பிள்ளைங்களுக்கு ரெண்டு நாள்ல அலுத்துப் போச்சு. மொசாம்பிக்ல வயசான பொம்பளைங்க குனிஞ்சு அந்தச் சக்கரத்தைக் கையால தள்ளிக்கிட்டிருந்தாங்க. ஓடிக்கிட்டிருந்த அடிபம்பைப் பிடுங்கிட்டு இதை வெச்ச ஊர்களும் உண்டு. நாலு வருஷத்துல பணம் போட்டவங்களே கையை விரிச்சுட்டாங்க. அந்தப் பொம்பளைங்களை முதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்.

---

வாவிக்கரை எழுதியது:

எல்லாரும் போன பக்கத்து ஆக்கள். நான் மட்டக்களப்பு. 2004 மார்கழி சுனாமிக்குப் பிறகு எங்கட கரைக்கு வராத நாட்டுக்காரர் இல்லை. நான் வாங்கின பக்கத்து ஆள்.

முதலில் நன்றியைச் சொல்லிப்போட்டுச் சொல்றன். அந்த முதல் கிழமைகளில் வந்து பிணம் தூக்கினவங்களையும் காயம் கட்டினவங்களையும் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டன்.

கிணத்துக் கதையைத்தான் சொல்லோணும். எங்கட ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில ஒரு மணல் திட்டு. மழைத் தண்ணி மணலுக்குள்ள இறங்கி, கீழ இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசா மிதந்துகொண்டு நிக்கும். அதைத்தான் வீட்டுக்கு வீடு கிணறு வெட்டிக் குடிச்சனாங்க. அலை வந்து கிணறெல்லாம் உப்பாகிட்டுது. வந்த குழுக்கள் பம்பு கொண்டுவந்து இறைச்சாங்க. ஒரு குழு இறைச்சிட்டுப் போக அடுத்த குழு வந்து அதே கிணத்தை இறைக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஸ்டிக்கர், சுத்தம் செய்த கிணறு என்று ஒரு கணக்கு. என்ட மாமியின்ட கிணத்துக் கட்டில ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லாமப் போச்சு.

இறைக்க இறைக்கக் கீழ இருந்த உப்புத் தண்ணி மேல ஏறினது. பிறகு நிலத்தடி நீர் படிச்ச ஆக்கள் வந்து அளந்து பார்த்து, இறைக்கிறதை நிப்பாட்டுங்க, மாரி மழை தானாக் கழுவும் என்று சொன்னாங்க. எங்கட பெரிய ஆக்களும் இதைத்தான் முதலே சொல்லிக்கொண்டு இருந்தவங்க. கிணத்துக்கு நல்ல தண்ணி திரும்ப இரண்டு மாரி கழிய வேண்டியிருந்தது. அதுவரைக்கும் பவுசர் லொறியில வந்த தண்ணிதான்.

சும்மா இருங்க என்று ஒரு குழுவைப் பார்த்துச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அவ்வளவு தூரம் வந்திருக்காங்க, பம்பும் கையில இருக்கு. ஜூரோங் அக்கா, உங்கட மகள் போற ஊர் ஆக்களும் அப்படித்தான் இருப்பாங்க. வேண்டாம் என்று வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு வழி இருக்குதா என்று கல்லூரியில கேளுங்க.

---

கணக்கன் எழுதியது:

இத்தனை கதைக்குப் பிறகும் போகலாமா என்று யோசிப்பானேன்? பணத்தை நேரடியாகக் குடும்பங்களுக்கே அனுப்பிவிடலாம். கென்யாவில் கிவ் டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் அதைத்தான் செய்கிறது. கைப்பேசியில் எம்-பெசா வழியாகப் பணம் போய்விடும், என்ன வாங்குவது என்பது அவரவர் பாடு. பலர் கூரைக்குத் தகரம் வாங்கினார்கள், மாடு வாங்கினார்கள். தொண்டூழியர் எவரும் தேவைப்படவில்லை. உங்கள் கணவர் சொல்வதுதான் சரி.

---

செங்காங் தம்பி எழுதியது:

கணக்கன் அண்ணா, அந்த விமான டிக்கெட் காசை எந்தப் பெற்றோரும் கம்போடியாவுக்கு அனுப்பப் போறதில்லை. பயணம் இல்லைன்னா அது ஜப்பான் சுற்றுலாவுக்குப் போகும். இல்லாத காசை வெச்சுக் கணக்குப் போடுறீங்க.

---

நாம்பென் நண்டு எழுதியது:

கம்போடியத் தலைநகர் நாம்பென்னில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை. மனைவி கெமர், அதாவது இந்த நாட்டுக்காரி, அதுவும் கம்போங் சினாங்காரி. அதனால் இந்த இழையைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை.

முதலில் மாதம். டிசம்பர் உங்களுக்கு விடுமுறை. எங்கள் மாமியார் ஊருக்கு அது நெல் அறுப்பு. மழைக்காலத்தில் நட்ட நெல்லை நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் அறுத்து, அடித்து, காயவைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வருஷத்திலேயே ஆள் கிடைக்காத நேரம். அந்த நேரத்தில் ஒரு பேருந்து நிறைய பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார். வீட்டுக்கு ஒருவர் வந்து கைதட்ட வேண்டும். மாமியார் என்ன செய்வார் தெரியுமா? கடைக்குட்டிப் பேரனுக்குச் சட்டை மாட்டி, வீட்டுப் பிரதிநிதியாக அனுப்பிவிட்டு வயலுக்குப் போவார். போட்டோக்களில் எல்லாம் சின்னப் பிள்ளைகளாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஜூன் விடுமுறையும் அப்படித்தான், உழவும் நாற்றும். உண்மையிலேயே ஊர் ஓய்வாக இருக்கும் மாதங்கள் பிப்ரவரி, மார்ச். அப்போது சிங்கப்பூரில் பள்ளி நடக்கும்.

கழிவறை. இலவசமாகக் கட்டிக்கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஐ.டி.இ. என்ற அமைப்பு 2009 வாக்கில் இங்கே வேறு வழியில் இறங்கியது. ஊர்ப்புறத்தில் கிணற்றுக்குச் சிமெண்ட் உறை வார்த்து விற்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு மலிவான கழிவறை மாதிரியைக் கொடுத்து வார்க்கவும் விற்கவும் பழக்கினார்கள். மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், லட்சக்கணக்கில் விற்றது. ஒரு தெருவில் ஏதோ ஒரு குழு நாலு வீட்டுக்கு இலவசமாகக் கட்டிவிட்டால், மீதி வீட்டுக்காரர்கள் நமக்கும் வரும் என்று வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். உறை வார்ப்பவர் பிழைப்பு போச்சு. பள்ளிக் கழிவறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அது பொதுச்சொத்து. ஆனால் அங்கே தண்ணீர் எங்கிருந்து வரும், சாவி யாரிடம், கழுவுவது யார்? பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கழிவறைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உள்ளே பூத்தொட்டி, பழைய பெஞ்சு.

குடிநீர் வடிகட்டி திட்டம் ஏதாவது சேர்த்திருந்தால் கவனம். இங்கே மணல் வடிகட்டி பரவலாக உண்டு. கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் வடிவமைத்தது. கான்கிரீட் பெட்டி, உள்ளே மணலும் சரளையும். மணலின் மேல்பரப்பில் உயிர்ப்படலம் வளர்ந்தால்தான் கிருமியைப் பிடிக்கும், அதற்கு முழுதாக ஒரு மாதம் வரை ஆகலாம். மணலுக்கு மேல் எப்போதும் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும், பெட்டியை நகர்த்தக் கூடாது. ஒரு வாரம் தங்கும் குழு வைத்துவிட்டு, வடியும் தண்ணீரைக் குடித்துக்காட்டிப் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பினால், அந்த வீட்டம்மா முதல் மாதம் எந்தத் தண்ணீரைக் குடிப்பார்? கிணற்று நீரில் ஆர்செனிக் நஞ்சு இருந்தால் இந்த வடிகட்டி அதைத் தொடாது. மேக்கோங் ஆற்றை ஒட்டிய இடங்களில், கண்டால் மாகாணத்தில் குறிப்பாக, அந்தப் பயம் இருக்கிறது.

போகாதே என்று நான் சொல்லவில்லை. உள்ளூர்க் கூட்டாளி அமைப்பு யார், அதில் சம்பளம் வாங்கும் கெமர் ஆட்கள் எத்தனை பேர், குழு வராத மாதங்களில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். குழு வரும்போது மட்டும் உயிர் பெறும் அமைப்பு என்றால் அது பயண முகவர்தான்.

---

ஜூரோங்வாசி எழுதியது:

நாம்பென் அண்ணா, ரொம்ப நன்றி. அந்தக் குழந்தைகள் இல்லம் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே? மகள் அதற்குத்தான் அதிகம் தயாராகிறாள். பொம்மை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாள்.

---

நாம்பென் நண்டு எழுதியது:

அதைத் தனியாக எழுதலாம் என்றுதான் விட்டேன், தங்கச்சி. அந்த ஒரு மதியத்தை மட்டும் தயங்காமல் அடித்துவிடச் சொல்லுங்கள்.

கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இப்படிப்பட்ட இல்லங்கள் 154-லிருந்து 269 ஆகின. போர் முடிந்து பல வருஷம் ஆன பிறகு! பிள்ளைகளில் சுமார் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை ஒரு காரணம், படிப்பு கிடைக்கும் என்ற ஆசை இன்னொன்று. மூன்றாவது காரணம் நாம்தான். வெளிநாட்டுக்காரர் வந்து பார்த்துக் காசு போடுகிறார்கள் என்றால், காட்டுவதற்குப் பிள்ளை வேண்டும் அல்லவா? ஊர் ஊராகப் போய்ப் பெற்றோரிடம் பேசிப் பிள்ளைகளைக் கூட்டி வந்த ஆட்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2018-இல் நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் வந்தபோது இந்த இல்லத் தொழிலும் விவாதத்தில் அடிபட்டது. இங்கேயே ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற தொண்டு அமைப்பு, பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல என்று சுவரொட்டி ஒட்டியது.

எல்லா இல்லமும் மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முறையாக நடக்கும் இல்லம், முன்பின் தெரியாத ஒரு குழுவை மதியம் உள்ளே விட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சச் சொல்லாது. சிங்கப்பூரில் உங்கள் பேட்டைப் பாலர் பள்ளியில் அப்படி விடுவார்களா? பொம்மைகளைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கலாம், வாத்தியார் கையில்.

---

மதுரைக்காரி எழுதியது:

எல்லாரும் பயமுறுத்திவிட்டீர்கள், நான் ரெண்டு நல்ல கதை சொல்கிறேன்.

ராஜஸ்தானில் திலோனியா, பங்கர் ராய் 1972-இல் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜ். ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்து நடுத்தர வயதுப் பெண்கள், பாட்டிமார், பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அங்கே வந்து ஆறு மாதம் தங்கி சோலார் விளக்கு செய்யவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். பொது மொழி கிடையாது. கைசாடை, நிறம் பார்த்து உதிரிபாகத்தை அடையாளம் சொல்வது, இதை வைத்தே பாடம். இங்கே பயணம் திசை மாறிவிட்டது பாருங்கள். வெளியாள் கிராமத்துக்குப் போகவில்லை, கிராமத்து ஆள் வெளியே போய்க் கற்றுக்கொண்டு வருகிறாள். ஊரில் முன்கூட்டியே ஒரு குழு அமைத்து, மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவர்த்திக்கும் எவ்வளவு செலவழித்தார்களோ அந்த அளவில் மாதக் கட்டணம் வைத்தார்கள். அதிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சம்பளம். அதெப்படி நம்ம வீட்டுப் பொம்பளை ஆறு மாசம் வெளிநாடு போவது என்று சில புருஷன்மார் முரண்டு பிடிப்பதும் உண்டு, அது தனிப் புராணம்.

இன்னொன்று எங்க ஊர் அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். அமெரிக்காவில் சேவா என்று ஓர் அமைப்பு, பெரியம்மை ஒழிப்பில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து 1978-இல் தொடங்கியது, ஆரம்ப காலத்திலேயே கை கோத்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். நன்கொடை லென்ஸை எத்தனை நாள் எதிர்பார்ப்பது? சேவாவிலிருந்து டேவிட் கிரீன் போன்றவர்கள் வந்து, லென்ஸ் செய்யும் நுட்பத்தையே மதுரைக்குக் கொண்டுவர உதவினார்கள். 1992-இல் ஆரோலேப் என்ற லென்ஸ் ஆலை. விலை தரைக்கு வந்தது. இன்றைக்கு வெளிநாட்டு மருத்துவமனைக்காரர்கள் பயிற்சிக்கு மதுரை வருகிறார்கள். ஆனால் டேவிட் கிரீன் ஒரு டிசம்பர் விடுமுறையில் வந்து சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போகவில்லை, பல வருஷம் விடாமல் நின்றார். அமெரிக்க அரசின் தொண்டூழியர் அமைப்பான பீஸ் கோர் 1961-இல் தொடங்கியதிலிருந்தே ஆளை இரண்டு வருஷத்துக்கு அனுப்புகிறது. அதற்கு முன்னால் மூன்று மாதம் மொழிப் பாடம், அதுவும் ஒரு குடும்பத்தோடு தங்கி. அதுவே போதாது என்பவர்கள் உண்டு.

---

கணக்கன் எழுதியது:

மதுரைக்காரி என் கட்சிக்கு வந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு வாரத்தில் இதில் எதுவும் நடக்காது.

---

மதுரைக்காரி எழுதியது:

நடக்காதுதான். ஒரு வாரம் போகிறவர்கள் பத்து வருஷ வேலையின் ஓரத்தில் போய் நின்று பார்க்கலாம், சொன்னதைச் செய்யலாம். பிள்ளைகள் கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்று நேராகச் சொல்லிவிட்டு, கற்றுக்கொடுப்பதற்கு அந்த ஊருக்குக் கட்டணமும் கொடுத்துவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது. ஊரை வளர்க்கப் போகிறோம் என்று பனியனில் அச்சடித்துக்கொண்டு போவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

---

ஜூரோங்வாசி எழுதியது:

பெற்றோர் கூட்டம் முடிந்தது. எழுதாமல் இருந்தால் நியாயமில்லை.

இல்லத்துக்குப் போவதை எடுத்துவிட்டார்கள். பொறுப்பாசிரியைக்கு ஏற்கெனவே அதில் உறுத்தல் இருந்திருக்கிறது, பெற்றோர் தரப்பிலிருந்து யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி உடனே ஒத்துக்கொண்டார். தேதியை மாற்ற முடியாது, பரீட்சை அட்டவணை.

வாவிக்கரை சொன்னதை மனதில் வைத்து, இந்த வேலைகளை யார் கேட்டது என்று கேட்டேன். தலைமையாசிரியரின் கடிதம் இருக்கிறது என்றார்கள். கெமர் மொழியில். கூட்டாளி அமைப்பு அனுப்பிய ஆங்கிலச் சுருக்கத்தைத்தான் எல்லாரும் படித்திருக்கிறார்கள். கடிதத்தின் படத்தை நாம்பென் அண்ணாவுக்குத் தனிமடலில் அனுப்பினேன், அண்ணி படித்துச் சொன்னார். முதல் கோரிக்கை வேலி. மாடு உள்ளே வந்து பள்ளித் தோட்டத்தை மேய்கிறதாம். இரண்டாவது, இருக்கும் கழிவறைக்குத் தண்ணீர்த் தொட்டி. மூன்றாவது, மழைக்காலத்தில் ஒழுகும் கூரைத் தகரம். சாயம் பூசுவது கடிதத்தில் எங்கேயும் இல்லை, புதுக் கழிவறையும் இல்லை!

இப்போது பேச்சு என்னவென்றால், வேலிக்கும் தொட்டிக்கும் உள்ளூர்க் கொத்தனாரை வைப்பது, பிள்ளைகள் போகும்போது வேலை நடந்துகொண்டிருக்கும், சித்தாள் வேலை பார்ப்பார்கள். ஆங்கில வகுப்பு மதியம் ஒரு மணி நேரம், அந்த ஊர் ஆசிரியரே எடுப்பார், இவர்கள் கூட உட்கார்ந்து பேசிப் பழகுவார்கள். சாயம் போச்சு என்று சில பெற்றோருக்கு ஏமாற்றம். படத்தில் அதுதான் நன்றாக வருமாம்.

வீட்டுக்காரர் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பலகாரத்துக்கு மாவு பிசைகிறார்.

---

நாம்பென் நண்டு எழுதியது:

தகரத்தை மறந்துவிடாதீர்கள். மே மாதம் மழை வந்துவிடும். டிசம்பரில் தொட்டி கட்டினால் தண்ணீர் ஊற்றிப் பதம் பார்க்கக் கொத்தனார் பிறகும் வர வேண்டும், அந்தக் கூலியையும் இப்போதே சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். வேலிக்கு மூங்கில் வேண்டாம், கரையான் தின்றுவிடும். கான்கிரீட் தூண் அங்கேயே வார்க்கிறார்கள். அறுப்பு நாளில் பிள்ளைகளை யாராவது வயலுக்குக் கூப்பிட்டால் போகச் சொல்லுங்கள், கதிர்க்கட்டு சுமக்கலாம். அரிவாள் மட்டும் கையில் கொடுக்க வேண்டாம்.

---

கணக்கன் எழுதியது:

கொத்தனார் கூலியை யார் கொடுப்பது? கூட்டாளி அமைப்பு வழியாகப் போனால் பாதிதான் போய்ச் சேரும்.

---

ஜூரோங்வாசி எழுதியது:

பள்ளிக் குழுவின் கணக்குக்கு நேரே போகிறது, பாதி முன்பணம், மீதி வேலை முடிந்து மழையில் ஒரு மாதம் பார்த்த பிறகு. அந்தப் பாக்கியை ஜூனில் அனுப்ப ஆசிரியை தன் நாட்காட்டியில் குறித்துக்கொண்டார், நானும் குறித்திருக்கிறேன். ரசீது கெமரில்தான் வரும். அண்ணி, மறுபடியும் உங்களுக்குத்தான் வேலை.